வேப்பம்பட்டில் வாங்கிய லென்ஸ்

காலை ஒன்பதரைக்கு அம்பத்தூரில் ரயில் ஏறினேன். வேப்பம்பட்டுக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். தோள்பையில் கேமரா இருந்தது, லென்ஸ் இல்லை. என்னிடம் இருந்த ஒரே லென்ஸ் போன வாரம் கல்யாண மண்டபத்துப் படியில் விழுந்து உடைந்துவிட்டது. நாளை திருவேற்காட்டில் ஒரு காதுகுத்து. இன்றைக்குள் லென்ஸ் கிடைக்காவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். ஒருமுறை விட்டால், எனக்கு வேலை தரும் ஸ்டூடியோக்காரர் அடுத்து என்னைக் கூப்பிட மாட்டார்.

விற்பவர் ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பது எம்எம் லென்ஸ், நாலாயிரம் ரூபாய் என்று பேசியிருந்தோம். நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். ஃபோனில் எழுத்துக் கூட்டுவதற்குள் நேரம் போய்விடும் என்று நான் சொன்னதால் எல்லாவற்றையும் குரலாகவே அனுப்பியிருந்தார். நேற்றிரவு வந்ததை ரயிலில் மறுபடியும் கேட்டேன்.

"தம்பி, செவுத்தையும் செடியையும் எடுத்துப் பாத்தா லென்ஸ் எப்படின்னு தெரியாது. மொகத்தை எடுக்கணும். ஜன்னல் பக்கத்துல நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பேன். என்னையே எடுத்துப் பாருங்க."

திருநின்றவூரில் பெட்டி காலியாகிவிட்டது. வேப்பம்பட்டில் ஆட்டோ, எண்பது ரூபாய். எனக்கு வழி சொல்லத் தெரியாததால், அவர் வழி சொல்லி அனுப்பியிருந்த குரலையே சத்தமாக வைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம் என்றது குரல். ஆட்டோக்காரர் திருப்பினார்.

"ஆளு பக்கத்துல குந்திகினு சொல்ற மாதிரியே கீதுண்ணா" என்று சிரித்தார்.

அடுத்த முனையில் சிரிப்பு நின்றது. தெருவை அடைத்துச் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஃபோன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது: "பச்சை கேட்டு. யாரையும் கேக்க வேணாம், நேரா உள்ள வாங்க."

ஃபோனை அணைத்தேன். என் பையைப் பார்த்து ஒருவர் எழுந்து வந்தார். போட்டோ எடுக்கச் சொல்லியனுப்பிய ஆள் நான்தான் என்று நினைத்துவிட்டார். இல்லையென்று நான் சொல்வதற்குள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

ஜன்னல் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம். சரிந்துவிடாமல் அவருடைய தம்பி பின்னாலிருந்து தோளைப் பிடித்திருந்தார். விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

கேமராவை வெளியே எடுத்தேன். லென்ஸ் இருக்கவேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"அம்பத்தூர்லேருந்து லென்ஸ் வாங்க வரேன்னது நீங்கதானே?"

தலையாட்டினேன். எழுந்து போய் பீரோவிலிருந்து லென்ஸை எடுத்து வந்தார்.

"படம் நல்லா வந்தா குடுத்துடுன்னு நேத்து சொன்னாரு. எடுங்க."

அதை மாட்டி மூன்று படம் எடுத்தேன். பழைய லென்ஸ் வாங்கும்போது, எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கண்ணைப் பார்ப்பது வழக்கம். இமை முடி தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல லென்ஸ். பழக்கத்தில் விரல் அதைச் செய்துவிட்டது. முதல் இரண்டிலும் இமைகள் மூடியிருந்தன. மூன்றாவதில் இடது இமை நூலளவு விலகியிருந்தது. அந்த இடுக்கில் ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளி. புள்ளிக்கு நடுவே, கேமராவோடு நிற்கும் கறுப்பு உருவம். உயிரோடு இருப்பவர்கள் கண்ணில்கூட நான் அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலியில் இருந்தவரின் இரண்டு கண்களும் மூடியே இருந்தன. தம்பியின் கைகள் தோளை விட்டு நகரவில்லை.

"நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நல்லா வந்திருக்குங்க."

பணத்தை சாமி படத்துக்குக் கீழே வைக்கச் சொன்னார். வைத்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும் ரயிலில் கூட்டம் இருந்தது. ஆனாலும் பையை மடியில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை, காலடியில் வைத்தேன். குரலை அழிக்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

ஒன்றரை மணிக்கு வீடு. எங்கள் வீட்டில் எந்த லென்ஸ் வந்தாலும் முதல் படம் என் மனைவியைத்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் எடு, அடுப்புல கொழம்பு கீது."

கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனேன். அவரைப் போலவே அவளும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். லென்ஸை மூடிவிட்டேன்.

"வெளிச்சம் பத்தல" என்றேன்.

அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தார் ரோட்டில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது.

நாளை காது குத்தப்போகும் குழந்தையை இந்த லென்ஸால்தான் எடுக்கவேண்டும். அதற்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை.