ஆலோசகர் படித்த டைரி

பெங்களூரு குடும்ப நல நீதிமன்றத்தில், எங்கள் விவாகரத்து வழக்குக்கு ஆலோசகராக இருந்த அம்மையாருக்கு நரைத்த தலை. ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம். படிக்கும்போது ஒவ்வொரு வரியையும் பென்சிலால் தொட்டுக்கொண்டே போவார்.

மகள் என்னிடம்தான் வளர வேண்டும் என்று கேட்டு, மனைவியின் தவறுகளைத் தேதியும் நேரமும் போட்டு எழுதிய என் டைரியைக் கொடுத்தேன். முழுவதும் படித்தார்.

“பாப்பா மூணு இடத்துலதான் வர்றா சார். மூணுலயும் ஜுரம். அதுவும் உங்க மனைவி லேட்டா வந்தாங்கன்னு காட்டறதுக்கு. கடைசி ஜுரம் எப்ப விட்டுச்சு?”

“அதை எழுதல மேடம்.”

பக்கத்தில் மனைவி சிரித்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கம்மா.”

சிரிப்பு நின்றது.

ஆலோசகர் பேசியதை அன்று மாலை வார்த்தை மாறாமல் டைரியில் எழுதிவைத்தேன். நீதிமன்றத்துக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த மகள் என்னிடம் ஏதோ கேட்டிருந்தாள். அது டைரியில் இல்லை.