லாத்தா வீட்டுக்கு லாத்தாவை அழைத்தேன்

எங்கள் வீட்டில் வெளிநாடு போனவர்கள் இரண்டு பேர். நான் ஷார்ஜாவில் பத்தொன்பது வருடம். என் லாத்தா, அதாவது அக்கா, பாரிசுக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல். காரைக்காலில் எங்கள் தெரு எங்கள் இருவரையும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

நான் சபராளி. பிழைக்கப் போய்த் திரும்பி வருகிறவனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். விசா முடிந்தால் நான் ஊருக்கு வந்தே ஆகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். லீவில் வந்தால் விமான நிலையத்துக்கு ஒரு வேன் நிறைய ஆள் வரும். லாத்தாவைக் கட்டிய மச்சானின் வாப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் மச்சானுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், பிறகு அவளுக்கும். அத்தோடு அவள் போனவள் போனவள்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். வந்தால் அவளே கார் பிடித்து வந்து இறங்குவாள்.

என்னிடம் "எப்ப திரும்பப் போறீங்க?" என்று கேட்கிறவர்கள், கையோடு "எப்ப ஒரேயடியா வரப்போறீங்க?" என்றும் கேட்பார்கள். அவளிடம் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டாவது கேள்வியை நானாவது கேட்டிருக்கலாம்.

எங்களில் வீடு பெண்ணுக்கு. லாத்தாவின் கல்யாணத்திலேயே உம்மா வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டார்கள். ஆண்பிள்ளை மனைவி வீட்டில் போய் இருக்க வேண்டியதுதான். என் மனைவியோடு பிறந்தவர்கள் நாலு பெண்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வீடு, எங்களுக்கு ஓர் அறை. லீவுக்கு அது போதும். கம்பெனி என்னை ஒரேயடியாக அனுப்பியபோது போதவில்லை. உம்மா மவுத்தாகி, அடக்கம் முடிந்ததிலிருந்து அந்த வீடு பூட்டிக் கிடந்தது. லாத்தா லீவில் வந்திருந்தாள். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"உங்களுக்கு என்ன லாத்தா, அல்லா ஒரு நாட்டையே குடுத்திருக்கான். எனக்கு இந்த ஊர விட்டா எது?"

"சரி தம்பி, எழுதிக்கோ" என்றாள்.

ரிஜிஸ்டர் ஆபீசில் அவள் விரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். ரேகை சரியாக விழவில்லை. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிற வேலை அவளுக்கு. மருந்துத் தண்ணீரில் தோல் உரிந்திருந்தது. மூன்று தடவை வைக்கச் சொன்னார்கள். அந்த விரல்களைப் பார்த்தேன். பார்க்காதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று வருடத்தில் மச்சான் மவுத்தானார். பென்ஷன் வந்ததும் லாத்தா ஊருக்கே வந்துவிட்டாள். எப்போதும் அவளுக்கு அந்த எண்ணம்தான் இருந்திருக்கிறது. ஊரின் இன்னொரு பக்கம், கோவில்பத்தில், ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். "எங்களோட வந்து இருங்களேன்" என்று ஒப்புக்குச் சொன்னேன். "உன் பொண்டாட்டி அடுப்படியில எனக்கு என்ன வேலை?" என்று சிரித்தாள். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

போன வருடம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வழக்கப்படி வீட்டை அவள் பெயருக்கு எழுதினேன். எங்களில் சொந்தக்காரர்களை அவரவர் வாசலுக்குப் போய் அழைக்கவேண்டும். நானும் மனைவியும் கோவில்பத்துக்குப் போனோம். கீழ்வீட்டு அம்மா, "பிரான்ஸ்காரங்களயா? மேல இருக்காங்க" என்றார்.

லாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகையை முழுவதும் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. அங்கே உம்மா வீட்டுக் கதவு எண் இருந்தது.

"நிக்காஹ் அங்கேயேவா?"

"ஆமா லாத்தா."

"வீட்ட மவளுக்குக் குடுத்துட்டியாக்கும்?"

"வழக்கம் அதானே லாத்தா" என்றேன். சொன்ன பிறகுதான் நான் யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது.

"ஆமா, பொண்ணுக்குத்தான் குடுக்கணும்" என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ கொடுத்தாள். குடித்தோம்.

கல்யாணத்தன்று, ஊர்ப் பெண்கள் எல்லோரும் தங்கள் பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பத்திரிகையில் போட்டிருந்த நேரத்துக்குச் சரியாக லாத்தா வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். நான் ஓடினேன்.

"ஏன் லாத்தா இங்கேயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"யாராச்சும் கூப்புடட்டும்னு நின்னேன்" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ தடவை ஷார்ஜாவிலிருந்து வந்து உம்மாவைப் பார்க்க அந்த வாசலில் இறங்கியிருக்கிறேன். என்னை ஒருவரும் உள்ளே வாங்க என்று சொல்ல வேண்டியிருந்ததில்லை. அப்போது அது அவளுடைய வீடு.

லாத்தா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.