மன்றத்தின் பின்சுவர்

எங்கள் குடியிருப்பு மன்றத்தில் மேடைக்கு எதிரே உள்ள பின்சுவர் சிமெண்டுப் பூச்சில் வழவழவென்று இருக்கும். திரை மாட்டும் கம்பியைத் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. அப்பாவின் பிரிவு உபசார விழாவன்று அந்தக் கம்பி வெறுமையாக இருந்தது. அதிகாரிகளின் விழா என்றால் கனத்த திரை தொங்கும், தரையில் ஜமக்காளம் விரித்திருக்கும். தொழிலாளிகளின் விழாவுக்கு மன்றச் செயலாளர் இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா அதற்குமுன் மேடை ஏறியதில்லை. நான்கு பக்கம் எழுதி, ஒரு வாரம் அம்மாவிடம் படித்துக் காட்டியிருந்தார். ஒலிபெருக்கியில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பின்சுவரில் மோதித் திரும்பி அடுத்த சொல்லின்மேல் விழுந்தது. முதல் பக்கம் முடிவதற்குள் செயலாளர் மைக்கை வாங்கினார். “வாய்ல இன்னா அண்ணாத்தே, கொயுக்கட்டையா? ஒண்ணியும் புர்லயே!” அரங்கமே சிரித்தது. அப்பா தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். கோவில்பதாகைக்கு வீடு மாறிய பிறகும், நாலு பேர் கூடிய இடத்தில் அவர் வாய் திறந்ததில்லை.

அப்பாவின் குரலில் குறை இல்லை என்பதை எனக்கே நிரூபித்துக்கொள்ள விரும்பினேன். அப்போது நான் அதே தொழிற்சாலையில் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். மதிய இடைவேளைகளில் காலி மன்றத்துக்குப் போய்க் கை தட்டிப் பார்த்தேன். மேடை விளிம்பிலிருந்து தட்டினால் சற்றுப் பொறுத்து இன்னொரு தட்டல் தனியாக வந்தது. பின்சுவரை நெருங்க நெருங்க அது என் தட்டலோடு ஒட்டிக்கொண்டது. திரை தொங்கிய ஒரு நாள் தட்டினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. மற்ற விழாக்களிலும் கவனித்தேன்; ஆட்கள் நிறைந்திருந்தாலும், ஒலிபெருக்கியை அவர்கள் தலைக்கு மேலே தூக்கிச் சுவரைப் பார்த்து வைத்தால் எதிரொலி வந்தது. எல்லாவற்றையும் நாள்வாரியாக நாட்குறிப்பில் எழுதினேன். எழுதி முடித்தபோது அப்பாவுக்கு நேர்ந்தது எப்படி என்று தெரிந்தது. அதை மறுபடி எப்படிச் செய்வது என்பதும் தெரிந்தது.

இரண்டு வருடம் காத்திருந்தேன். செயலாளர் ஓய்வு பெறும்போது விழா ஏற்பாடுகள் மன்றத்தின் மகளிர் பிரிவின் பொறுப்பில் இருந்தன. பிரிவின் சார்பில் அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. திரைகளைச் சலவைக்கு அனுப்பினேன். அவை உண்மையிலேயே அழுக்காக இருந்தன. ஜமக்காளத்தைச் சுருட்டி வைத்தேன். ஒலிபெருக்கிக்காரரிடம் குழாயை உயரத்தில் கட்டி, பின்சுவரை நேராகப் பார்க்கும்படி திருப்பச் சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்.

செயலாளர் மனைவியையும் மருமகன்களையும் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு எழுந்தார். பேச ஆரம்பித்த சிறிது நேரத்தில் கடைசி வரிசையில் சலசலப்பு.

“இன்னா மாமே சொல்றாரு?”

“யாருக்குத் தெரியும்? ரெண்டு பேரு சண்ட போட்டுக்கிற மாரி கீது!”

சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. அவர் குரலை உயர்த்தினார், சுவரும் உயர்த்தியது. பாதியில் நிறுத்திவிட்டார். நாற்காலிகளை மடக்கும்போது கழுத்தில் மாலையோடு என்னிடம் வந்தார்.

“அல்லாருக்கும் கேட்டுச்சாம்மா? நான் கரீட்டாத்தான பேசுனேன்?”

குறை சுவரில்தான் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

“கேட்டுச்சு சார். நீங்க பேசினதுதான் யாருக்கும் புரியல.”

இப்போது அவர் திருவேற்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். ஷேர் ஆட்டோவில் எப்போதாவது பார்த்தால் அந்தப் பேச்சைத்தான் எடுப்பார். “அன்னிக்கு எனுக்கு இன்னாமோ ஆயிப்போச்சும்மா. நாக்கே பொரளல.” போன மாதமும் சொன்னார். “ஆமாம் சார், எனக்கும் ஞாபகம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, என் நிறுத்தம் வந்ததும் இறங்கிக்கொண்டேன்.