திருச்சியில் கேட்காமல் போன சிரிப்பு

சிரிப்பு நாடகத்தில் நடிப்பது என்றால் வசனம் பேசுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும், அது பேசாமல் நிற்கத் தெரிந்தவன் செய்கிற வேலை. ஜனங்கள் சிரிக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். சிரிப்பு ஏறி, இறங்கி, முக்கால்வாசி அடங்கும்போது அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் யார் காதிலும் விழாது. பின்னால் எடுத்தால் அரங்கம் ஆறிப்போயிருக்கும். உங்களில் மேடை ஏறி அடிபட்டவர்கள் இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நான் சென்னையில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை போக மீதி நேரத்தில் முப்பது வருடம் நாடகம் ஆடியவன். போன வருடம் காது கேட்காமல் போக ஆரம்பித்தது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். தூரத்துச் சத்தம் வராது. மிஷின் வாங்கி மாட்டிப் பார்த்தேன். மேடையில் ஃபேன் சத்தமும் ஜனங்களின் சிரிப்பும் ஒரே இரைச்சலாக வந்தன, கழற்றி வைத்துவிட்டேன். டாக்டரையும் என் மனைவியையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேடம் போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

ரயிலில் ஒரு எச்சரிக்கை

திருச்சியில் ஒரு சபாவில் சனிக்கிழமை சாயங்காலம் நாடகம். முதல் நாள் பகல் ரயிலில் கிளம்பினோம். நான் எல்லோருக்கும் முன்னால் ஏறி, இடது காது ஜன்னல் பக்கம் வருகிற மாதிரி ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டேன். காது போனவனுக்கு இந்தச் சாமர்த்தியமெல்லாம் தானாக வந்துவிடுகிறது.

விழுப்புரம் தாண்டியதும் டைரக்டர் பாஸ்கர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கடைசி இரண்டு நாடகங்களிலும் ஜனங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் பேசிப் பேசி, நல்ல நல்ல இடங்களையெல்லாம் கெடுத்துவிட்டதாகச் சொன்னார். முதல் தடவை பல்வலி என்று சொல்லியிருந்தேன், இரண்டாம் தடவை மறதி என்று. மூன்றாவதாக ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

"அண்ணே, திருச்சியிலயும் இப்படியே ஆச்சுன்னா அப்பா வேஷத்துக்கு நான் வேற ஆள் பாக்கணும். அடுத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் நானே சொல்றேன்."

பெருமாள் முன்னால்

சனிக்கிழமை காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். தனியாகத்தான் போனேன். கூட ஆள் வந்தால் அவர்கள் பேசுவது காதில் விழுகிற மாதிரி நடிக்க வேண்டும். சாயங்காலம் நடிக்கப்போகிறவன் காலையிலேயே ஆரம்பிப்பானேன்.

சன்னதியில் ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் திருவடியில் ஆரம்பித்து, திருமுகம் வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். காதைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. இன்று சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் மானத்தைக் காப்பாற்று என்று கேட்டேன். கடைசியில் அங்கே நின்றிருந்தவர் என் தோளைப் பிடித்துத் தள்ளி நகர்த்தியபோதுதான், அவர் வெகுநேரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார் என்பது புரிந்தது. அவமானமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். என் பின்னால் நின்றிருந்த உள்ளூர் மாமி ஒருவர் வேகமாக நடந்து வந்து என் வலது பக்கம் சேர்ந்துகொண்டார்.

"நான் இந்த ஊர்க்காரி. எனக்கே ஒரு நாளும் இவ்வளவு நாழி சேவிக்கக் கெடைச்சதில்லே. அவா நகரச் சொல்லிண்டே இருந்தா, நீங்க அசையவே இல்லை. குடுத்துவச்சவர் நீங்க."

அலமேலுவின் பிடி

நாடகத்தில் என் மனைவி அலமேலுவாக வருகிறவர் ஸ்டெல்லா. சென்னையில் பள்ளிக்கூட டீச்சர், பிறந்த வீடு திருச்சி பாலக்கரை. மடிசார் கட்டிக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்டால் அசல் மாமிகளே அசந்துபோவார்கள். அன்று அவருடைய அம்மாவும் சர்ச்சில் பழகியவர்களும் பார்க்க வந்திருந்தார்கள்.

ரயிலிலேயே ஒரு தந்திரம் யோசித்து வைத்திருந்தேன். முதல் வரிசைக்காரர்களின் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குலுங்குவது நின்றால் வசனத்தை எடுப்பேன். திருச்சியில் அதுவும் போயிற்று. முன் இரண்டு வரிசைகளைச் சிறப்பு விருந்தினர் குடும்பத்துக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் வரவே இல்லை. காலி நாற்காலிகள், அதற்குப் பின்னால் இருட்டு. முதல் காட்சியிலேயே மூன்று முறை சிரிப்பின் நடுவில் பேசிவிட்டேன். பக்கவாட்டில் பாஸ்கர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் எனக்கே அது தெரிந்தது. 

இரண்டாம் காட்சியில் அலமேலு காபி கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். கொடுத்தார், போகவில்லை. சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு வசனம் சொல்லி, அடுத்ததற்கு வாயைத் திறந்தேன். பிடி இறுகியது. மூடிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்துப் பிடி தளர்ந்தது, பேசினேன். பாஸ்கர் தலையிலிருந்து கையை எடுத்தார். அதற்குப் பிறகு, என்னைத் திட்டித் தீர்க்கிற சண்டைக் காட்சியில்கூட ஸ்டெல்லா அந்தக் கையை விடவில்லை. திரை விழுந்தது. அவர் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து நின்றார்.

"நாலு மாசமா எனக்குத் தெரியும் சார். எந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்புறீங்கன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்களே சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன்."

மேடைக்கு வந்த அம்மாள்

நாடகம் முடிந்ததும் நாலு பேர் மேடைக்கு வந்து நன்றாக இருந்தது என்பார்கள். அன்றும் வந்தார்கள். எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக, அறுபது வயது இருக்கும், ஓர் அம்மாள் வந்தார். திருவானைக்காவலில் வீடாம். வீட்டிலேயே அடைந்து கிடக்கக் கூடாது என்று மகன் வற்புறுத்தி அழைத்து வந்தானாம். என் வலது காதோரம் மெதுவாகத்தான் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"சண்டை போடுறப்பகூட அந்தம்மா உங்க கையை விடலைங்க. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு அங்கதான் அழுகை வந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு போயி ஆறு மாசம் ஆகுதுங்க."

மலைக்கோட்டைப் படியில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாஸ்கரும் நானும் மலைக்கோட்டை ஏறினோம். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தோம். பாஸ்கருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நான் பழையபடி ஆகிவிட்டேனாம். கையைப் பிடிக்கிற அந்த யோசனை பிரமாதமாம், இனி எல்லா ஊரிலும் வைத்துக்கொள்ளலாமாம்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஸ்டெல்லாவும் காட்டிக்கொடுக்கிறவர் இல்லை. ஆனால் அந்த அம்மாள் அழுததற்குப் பிறகு, அதை என் நடிப்பு என்று தூக்கிக் காட்ட மனசு கூசியது. இடது காதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பல்வலி பொய், மறதி பொய் என்றும் சொன்னேன். பாஸ்கர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன்.  அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வலது பக்கம் மாறி உட்கார்ந்தார்.

"இந்த நாடகம் ஓடுற வரைக்கும் நீங்கதான் அப்பா, ஸ்டெல்லா கையைப் பிடிச்சுக்கட்டும். ஆனா அடுத்த நாடகத்துல உங்க வேஷத்துக்குப் பொண்டாட்டியே இல்லையேண்ணே, நான் என்ன பண்ணுவேன்?"

அடுத்த நாடகத்தில் இப்போது என் வேடத்தில் வேறொருவர் நடிக்கிறார்; ஆகவே சிரிப்பு நாடகத்தில் சேரப்போகிற அன்பர்களே, வசனத்தைப் பிறகு மனப்பாடம் செய்துகொள்ளலாம், மனைவி வேடத்துக்கு யார் வருகிறார் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.