ஆத்தா எடுத்த கை

என் அக்கா சங்கிலியம்மாளின் புருசன் சுருளியாண்டியைப் பற்றி வீரபாண்டியில் இரண்டு பேச்சு உண்டு. ஊரிலிருந்து கடல் தாண்டிப் போய்ச் சடுகுடு ஆடிய ஒரே மனுசர் என்பார்கள். அவருடைய இடது கையைக் கௌமாரி ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றும் சொல்வார்கள். முதல் பேச்சு நிஜம். இரண்டாவதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

ஆட்டத்தில் மச்சானைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எதிர்ப்பக்கத்து ஆட்கள் வளைத்து நிற்க, ‘சடுகுடு சடுகுடு’ என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போவார். பாட்டு அறுபடுவதற்குள் யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு பேர் காலைக் கட்டிப் பிடித்தாலும் மச்சானுக்குப் பாட்டு நிற்காது. அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுவார். தேனிச் சந்தைத் திடல், போடி, உத்தமபாளையம், ஆண்டிபட்டி என்று அவர் ஆடாத ஊர் இல்லை. இத்தனைக்கும் பகலெல்லாம் குத்தகை வயலில் சேறு மிதித்த கால் அது. அந்த நாளில் அவரோடு தெருவில் நடந்து போனால் அக்காவை யாரும் கையில் பிடிக்க முடியாது.

முப்பத்தாறாம் வருசம் சித்திரையில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கடை வைத்திருந்த நம் பக்கத்து வியாபாரிகள், சிலோன் ஆட்டக்காரர்களோடு மோத மதுரை ஜில்லாவிலிருந்து ஒரு கட்சியைக் கூப்பிட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு பேர். ஒருவர் பழனிசெட்டிபட்டி ராக்கையா, அவர்தான் கட்சித் தலைவர். மற்றவர் எங்கள் மச்சான்.

நேரம்தான் கெட்ட நேரம். கௌமாரியம்மன் கோவிலில் திருவிழாவுக்கு அத்திமரக் கம்பம் நட்டுவிட்டார்கள். மச்சான் மணிக்கட்டில் காப்பு ஏறிவிட்டது. காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்பது எங்கள் தெருக் கட்டுப்பாடு.

“ஆத்தா காரியத்துல விளையாடாதீக. அடுத்த வருசம் போய்க்கலாம்ல,” என்று அக்கா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

“அடுத்த வருசம் யாரு கூப்புடுவாக? ஆடுற வயசு நிக்குமாடி?” என்று கேட்டுவிட்டு, மஞ்சள் கயிறு கையில் இருக்கவே மச்சான் பஸ் ஏறிவிட்டார். அந்த ஆசையை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

கொழும்பில் நடந்ததை ராக்கையா எனக்குச் சொன்னது ரொம்பப் பின்னால், அவர் ஊருக்கு வந்திருந்தபோது. கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் நிறுத்தி, பெரியம்மை வராமல் தடுக்க எல்லாருக்கும் அம்மை குத்தியிருக்கிறார்கள். குத்திய இடது கை மச்சானுக்குப் பூசணிப் பிஞ்சு போல வீங்கி, ஆட்டத்தன்று உடம்பு கொதித்திருக்கிறது.

“ஏலே, காச்சல் அடிக்குது. இன்னைக்கு நீ உக்காரு,” என்றாராம் ராக்கையா.

“உக்காரவா கடல் தாண்டி வந்தேன்?” என்று இறங்கிவிட்டார் மச்சான்.

முதல் தடவை பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டு வந்தார். மறுதடவை எதிராளி ஒருவன் வீக்கத்தைக் கண்டுகொண்டு அந்தக் கையையே பிடித்தான். பாட்டை விட்டிருந்தால் அவனும் கையை விட்டிருப்பான். மச்சான் விடவில்லை. இழுத்தார், தோள் மூட்டு கழன்றது, அப்போதும் பாடிக்கொண்டே கோட்டைத் தொட்டார். அங்கே யாரோ தப்பும் தவறுமாகக் கட்டுப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கை எழும்பவே இல்லை, தொங்கியே கிடந்தது. ராக்கையா கொழும்புத் துறைமுகத்திலேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்டார். மச்சான் தனியாக ஊர் திரும்பினார்.

தொங்கின கையோடு அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காப்போடு எல்லை தாண்டியது போதாதென்று, ஆத்தாளுக்கு விரோதமாக அம்மையும் குத்திக்கொண்டான். குத்தின கையையே அவள் எடுத்துக்கொண்டாள். மச்சான் ‘அப்படி இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையா இருந்தது? காய்ச்சலோடு ஆடினேன், தலைவர் பேச்சைக் கேட்கவில்லை என்று சொன்னால் வெறும் வீம்பு பிடித்த ஆள் ஆகிவிடுவார். கை போன ஆட்டக்காரனை அதற்குப் பிறகு எவன் திரும்பிப் பார்ப்பான்? ஆத்தா தண்டித்து மன்னித்த ஆள் என்றால் மரியாதை. மறு வருசம் எங்கள் தெருவின் சார்பில் கம்பத்துக்கு முதல் குடம் தண்ணீர் ஊற்ற அவரைத்தான் கூப்பிட்டார்கள். வலது கையால் ஊற்றினார். சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். அக்காவும் கும்பிட்டாள்.

முப்பத்தொன்பதில் சுற்று வட்டாரத்தில் பெரியம்மை பரவியது. அம்மை குத்துகிறவர் பெட்டியோடு எங்கள் தெருவுக்கு வந்தார். கதவுகள் சாத்திக்கொண்டன. அக்காவின் மகள் ராஜாத்திக்கு அப்போது ஐந்து வயசு. நான் அக்கா வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“ஊசி குத்தி ஆத்தாளையே தடுப்பாகளாம். தடுத்தா என்ன ஆகும்னு இந்தா இவுக கை சொல்லுதே,” என்றாள் அக்கா. “ஏங்க, புள்ளையக் குதிருக்குள்ள தூக்கி விடுங்க.”

மச்சான் தொங்கின கையைத் தடவியபடி வாசலைப் பார்த்தார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. பிறகு குனிந்து, நல்ல கையால் பிள்ளையை இடுப்போடு அணைத்துத் தூக்கி, பாதி காலியாயிருந்த நெல் குதிருக்குள் இறக்கினார்.

“சத்தம் போடாத தாயி. மூச்சுக் கட்டிக்க, அய்யா மாதிரி,” என்றார்.

வாசலில் வந்து நின்ற அம்மை குத்துகிறவர், “வீட்டில் பிள்ளைகள் உண்டா?” என்று கேட்டார். “போடிக்கு, மாமன் வீட்டுக்குப் போயிருக்குங்க,” என்றார் மச்சான்.

மறு மாதம் ராஜாத்திக்கு அம்மை கண்டது. வாசலில் வேப்பிலை செருகினோம். அடுப்பில் தாளிப்பை நிறுத்தினோம். முத்து முத்தாக உடம்பெல்லாம் போட்டு, கண்ணுக்குள்ளும் போட்டது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆத்தாளை வேண்டிக்கொண்டே இருந்தாள். மச்சான் இரவும் பகலும் வேப்பங்கொத்தால் வீசினார். குத்திக்கொண்டவர் என்பதால் அவரை அம்மை அண்டவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, “ஏம்மா இன்னும் விடியல?” என்று கேட்டாள். அக்கா மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை.

அதற்குப் பிறகு மச்சான் யாரோடும் பேசுவது குறைந்தது. கம்பத்துக்கு முதல் குடம் ஊற்றக் கூப்பிட்டபோது, முடியாது என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதும், முல்லையாற்றுக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டுவதும் அவர்தான். அவளும் அய்யாவின் தொங்கின கையைப் பிடித்துக்கொண்டுதான் எங்கும் நடப்பாள்.

மூன்று வருசம் கழித்து அம்மை குத்துகிறவர் மறுபடி வந்தார். மறுபடியும் கதவுகள். மச்சான் ராஜாத்தியைக் கூட்டிக்கொண்டு போய் நடுத்தெருவில் நின்றார். அக்கா வாசற்படிக்கு ஓடி வந்தாள்.

“எம் மகளை வேடிக்கை காட்டப் போறீகளா?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. மூடின கதவுகளைப் பார்த்துப் பேசினார். ஆட்டத்தில் அத்தனை நேரம் மூச்சுக் கட்டின ஆளுக்கு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

“ஆத்தா என் கையை எடுக்கல. அம்மை குத்துனதுல வீங்குச்சு, காச்சல் வந்துச்சு. நாலு நாள்ல வடிஞ்சிருக்கும். ராக்கையா ஆடாதேன்னாரு. நாந்தேன் வீம்புக்கு ஆடிக் கையைக் கெடுத்துக்கிட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டு ஆத்தா மேல பழியப் போட்டேன். உங்க புள்ளைகளை வெளிய விடுங்க.”

வெகுநேரம் எந்தக் கதவும் திறக்கவில்லை. பிறகு எதிர்வீட்டுப் பொன்னாத்தாள் தன் பேரனை இழுத்துக்கொண்டு வந்தாள். அதன் பின் ஒவ்வொருவராக வந்தார்கள். பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். நான் என் மகனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ராஜாத்தி அந்தச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு, அய்யாவின் கையைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு அவர் இருக்கும் பக்கமாக முகத்தைத் தூக்கினாள்.

“அய்யா, என்னையக் குதிருக்குள்ள இறக்கிவிட்டப்ப உங்களுக்கு இது தெரியுமா?”

மச்சான் அவள் பக்கம் குனிந்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“தெரியும் தாயி.”

அவள் அவருடைய கையை விட்டாள். சுவர் எங்கே என்று காற்றில் துழாவினாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன், என்னையும் தள்ளிவிட்டாள். சுவரைத் தடவித் தடவித் தனியாகவே வீட்டுக்கு நடந்தாள்.