கயோட்டி தின்னாதது

அக்காவின் வீட்டுப் பின்வளவுக்கு ஒரு கயோட்டி வந்துபோகிறது என்று அவள் முதலில் சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவள் இருந்தது டொரண்டோவுக்கு வெளியே, மகனுடைய வீட்டின் கீழ்த்தளத்தில். பின்னால் ஓர் ஓடையும் பற்றைக் காடும். நான் இருப்பது லண்டனில், ஹவுன்ஸ்லோவில். இங்கே எங்கள் குப்பைத் தொட்டிகளைச் சுற்றி நரிகள் பட்டப்பகலில் திரிகின்றன. ஒரு மிருகத்தைக் கண்டு அதிசயப்படும் வயதை நாங்கள் இருவருமே தாண்டிவிட்டோம்.

"நரியோ?" என்று கேட்டேன்.

"நரியில்லையடி. நரியை விடப் பெரிசு, ஓநாயை விடச் சின்னன். மூஞ்சை ஊர்நாய் மாதிரி. கயோட்டி எண்டு இவன் சொல்லுறான். கிட்டப் போகக்கூடாதாம், சாப்பாடும் வைக்கக்கூடாதாம்."

"அப்ப வையாதை."

"வைச்சிட்டன்," என்றாள்.

அக்கா அப்படித்தான். செய்யாதே என்று சொல்லக்கூடிய எதையும் செய்து முடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள்.

அப்போது அவளுக்கு கீமோ நடந்துகொண்டிருந்தது. எடை இதற்கு மேல் இறங்கினால் உடம்பு மருந்தைத் தாங்காது, நிறுத்தவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிறுத்தினால் பிறகு என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் அந்த வீட்டில் எல்லோருடைய கண்ணும் அவளுடைய சாப்பாட்டுத் தட்டில்தான் இருந்தது. மருமகள் மேலே சமைத்து, தட்டில் போட்டு, கீழே கொண்டுவந்து கொடுப்பாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து தட்டை எடுத்துப்போவாள். நல்ல பிள்ளை. பக்கத்தில் நின்று பார்க்க அதற்குக் கூச்சம்.

எனக்கு வேலை விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு கிச்சினில். அனுப்பும் பக்கம் இல்லை, திரும்பி வரும் பக்கம். மிச்சத்தைக் கொட்டித் தட்டுகளைக் கழுவும் மெஷினுக்குள் தள்ளுவது என் பாடு. ஷிப்ட் முடிந்து வந்து, நான் பின்னேரத் தேத்தண்ணி போடும்போது அங்கே காலை. அப்போதுதான் பேசுவோம். அவளைப் பிடித்த வருத்தத்தைப் பற்றிப் பேச இருவருக்கும் விருப்பமில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் சண்டையில் முடியும். ஆகவே கயோட்டியைப் பற்றிப் பேசினோம்.

அது எலி பிடிக்கிறதாம். பக்கத்து வளவில் விழுந்த அப்பிளைத் தின்கிறதாம். முட்டையைக் கோதோடு விழுங்குகிறதாம். கத்தரிக்காய்க் குழம்புச் சோறு தின்கிறதாம். "பச்சைக் கரட்டை மட்டும் மணந்துபோட்டு விட்டிட்டுது. அதுக்கும் ஒரு எடுப்பு," என்று சிரித்தாள். அவள் சிரிக்கிறாளே என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், "நேற்று அதுக்குப் புட்டும் மீன்குழம்பும். என்ன வடிவாத் தின்னுது தெரியுமே," என்றாள். அன்றைக்கே அவளுடைய மகன், என் பெறாமகனும் போன் எடுத்தான். அவன் குரலில் நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு தெம்பு.

"அம்மா இப்ப நல்லாச் சாப்பிடுறா, சின்னம்மா. நேற்றுப் புட்டும் மீன்குழம்பும் குடுத்தது. பிளேட்டில ஒரு முள்ளுக்கூட மிச்சமில்லை."

நான் தட்டுக் கழுவுகிறவள். மனிதர் சாப்பிட்ட தட்டில் ஏதாவது கிடக்கும், ஒரு கறிவேப்பிலையாவது. மீன் தின்றவர் முள்ளைத் தட்டில் வைக்காமல் வேறு எங்கே வைப்பார்? ஆனால் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. "சந்தோஷம் தம்பி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். கோபம் வந்திருக்க வேண்டும், பயமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தேன்.

மறுநாள் அவளிடம் நேராகக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "வாயில வைச்சால் இரும்பு மாதிரிக் கிடக்கு. விழுங்க ஏலாது. அதுகள் பாவம், ஆசையாச் சமைக்குதுகள். திருப்பிக் குடுத்தால் முகம் வாடிப்போகும். உது பசியோட வருது. தின்னட்டுமன்." பிறகு, "அவனுக்குச் சொன்னியோ, பிறகு உன்னோட கதைக்கமாட்டன்," என்றாள். சொன்னதைச் செய்கிறவள். ஒருமுறை ஒரு கலியாணத்துக்குப் பிறகு வருடக்கணக்கில் என்னோடு பேசாமல் இருந்தவள்.

சொன்னால் என்னிடமும் வாயை மூடிவிடுவாள், சாப்பாட்டைக் கொட்ட வேறு வழியும் பார்த்துவிடுவாள். சொல்லாவிட்டால் கயோட்டி கொழுக்கும், இவள் போய்விடுவாள். இரண்டு மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டு தட்டுகளைத் தள்ளினேன். பிறகுதான் அந்த யோசனை வந்தது. கயோட்டி தின்னாததைச் சமைத்தால் என்ன?

என்னிடம் கயோட்டி இல்லை, நரி இருந்தது. ஒரு பழைய ஐஸ்கிரீம் மூடியில் சோற்றை வைத்துக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் விட்டுப் பார்த்தேன். முதலில் நன்றாக உறைப்புப் போட்ட கோழிக்கறிச் சோறு. உறைப்புக்கு ஓடிவிடும் என்று நினைத்தேன். மூடியை நக்கி வைத்திருந்தது. ஹவுன்ஸ்லோவில் பிறந்த நரி, எங்கள் கறி அதற்குப் புதிதா என்ன? எலுமிச்சை ஊறுகாய் வைத்தேன், அதைத் தொடவில்லை. ஆனால் ஊறுகாயை நம்பி ஒரு நோயாளியை வளர்க்க முடியாது. கடைசியில் பாகற்காய். சின்னதாக அரிந்து, வதக்கி, சோறும் முட்டையும் போட்டுப் பிசைந்து வைத்தேன். நரி வந்தது, மணந்தது, என் யன்னலை ஒருமுறை பார்த்தது, போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி மட்டும், கவுன்சிலுக்கு அறிவிப்பேன் என்று மதிலுக்கு மேலால் சத்தம் போட்டாள். சரி என்றேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அன்றைக்கே மருமகளுக்குப் போன் பண்ணினேன். "பாவக்காய் ரத்தத்துக்கு நல்லதாம் பிள்ளை. அக்காவுக்கு இனி அதைப் போட்டே குடும். முட்டையும் நெய்யும் விட்டு நல்லாப் பிசைஞ்சு குடும்." அவள் மறுபேச்சில்லாமல், "ஓம் சின்னம்மா," என்றாள்.

இதில் ஒரு விஷயம் எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அவளுக்குப் பாகற்காய் கண்ணில் காட்டக் கூடாது. சின்ன வயதில் வீட்டில் அது சமைத்த நாட்களில், அம்மா அங்கால் திரும்பும் நேரம் பார்த்துத் தன் பங்கு முழுவதையும் என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். நான் ஒன்றும் பேசாமல் தின்பேன். அந்த வீட்டில் அவளுடைய கயோட்டி நான்தான்.

கொஞ்ச நாள் அவள் கயோட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் போனை எடுத்ததும் எடுக்காததுமாகக் கேட்டாள்.

"எடியே, உங்கை நரிக்கு ஏதும் வைச்சுப் பாத்தனியோ?"

நான் தேத்தண்ணியைக் கலக்கினேன்.

"நாலு நாளா இது வந்து மணந்துபோட்டுப் போகுது. புல்லுக்கை கிடக்கிறதை அவன் காண முந்திப் பொறுக்க வேணும். எனக்குக் குனிய ஏலாதடி."

"அப்ப சாப்பிடன்."

"உலகத்தில வேற மரக்கறி கிடைக்கேல்லையே உனக்கு?"

"அது தின்னாதது உதுதான்."

என் தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது. பிறகு அவள், "சரி. தின்னுறன். உனக்காகத் தின்னுறன்," என்றாள்.

தின்றாள். மருமகள் எனக்குப் படம் அனுப்பினாள், அக்கா கட்டிலில் இருந்து கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிற படம். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. எனக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய நடிப்பு என்று. எடை கொஞ்சம் ஏறியது. மருந்து தொடர்ந்தது. இலையுதிர்காலம் முழுவதும் தினமும் பேசினோம். கயோட்டி வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு திரும்பிப் போவதை அவள் சொல்லச் சொல்ல, எனக்கு அந்த மிருகத்தின் மேல் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

பனி கொட்டத் தொடங்கிய பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்றார்கள். அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள். அவள் இறந்தது ஒரு வியாழக்கிழமை. எனக்கு லீவு தந்தார்கள், டிக்கெட்டும் இருந்தது. போக மனம் எழவில்லை. சீனி போட்டுவைக்கும் பேணியில் போனைச் சாய்த்து வைத்து இறுதிச் சடங்கைப் பார்த்தேன். நடுவில் படம் நின்று நின்று வந்தது. முடிந்ததும் போனை அணைத்துவிட்டு உடுப்புத் தோய்க்கப் போட்டேன். வேலை இடத்தில் எல்லோரும் வந்து கையைப் பிடித்தார்கள். பிடித்தது தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைப்பது எங்கள் வழக்கம். மறுநாள் பெறாமகன் எடுத்தான்.

"எல்லாம் முறையாச் செய்தம், சின்னம்மா. பங்கை ஓடைப் பக்கம் வைச்சனாங்கள். காலமை போய்ப் பாத்தன். புட்டு, மீன், இறைச்சி, வடை எல்லாம் போயிட்டுது. பாவக்காய் மட்டும் அப்பிடியே பனிக்குள்ள கிடக்கு." அழுகிறான் என்று தெரிந்தது. "அம்மாவுக்கு அதுதானே உயிர். அதைத்தான் கூடச் சமைச்சது. அம்மா அதைத் தொடேல்லையே, சின்னம்மா?"



"அவ வந்து பாத்திருப்பா," என்றேன். "மிச்சத்தை யோசியாதை, தம்பி."

போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். பாகற்காய் வாங்கிவந்து அரிந்து வதக்கினேன். சோறும் முட்டையும் போட்டு, அவளுக்குப் பிசையச் சொன்ன மாதிரியே பிசைந்தேன். நரி தொட்டியடிக்கு வந்து நின்றது, யன்னலால் தெரிந்தது. தட்டில் ஒன்றும் மிஞ்சாமல் அவளுடைய பங்கை நானே தின்றேன்.