கொலுக் குளத்துக்கு வெட்டிய ஸ்கேன் படம்

என் கணவருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய். புது ஸ்கேனைப் பார்த்த மலையாளி டாக்டர், "பழய ஸ்கேன் எவிடே?" என்றார். ஒப்பிட்டால்தான் தழும்பு பரவியிருக்கிறதா, மருந்தை மாற்ற வேண்டுமா என்று தெரியுமாம்.

கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்து, பழைய ஸ்கேனைத் தேடிப் பீரோவைக் குடைந்தேன். உறைக்குள் பாதிப் படம்தான் இருந்தது.

"கொலுவில குளம் வைக்க நான்தான் வெட்டினேன், மன்னி. தண்ணி மாதிரி பளபளன்னு இருந்துதே! பழசுதானே?" என்றாள் நாத்தனார்.

"உன் அண்ணா உசிருடி அது!" என்று கத்தினேன்.

அவர் இருமிக்கொண்டே, "விடு" என்றார். எப்படி விடுவது?

ஸ்கேன் சென்டருக்கு ஓடினேன். நல்லவேளை, கம்ப்யூட்டரில் அழிக்காமல் வைத்திருந்தார்கள். ஒப்பிட்டதில் தழும்பு பரவியிருந்தது தெரிந்தது. மருந்தை அன்றே மாற்றினார்கள்.

இப்போது எல்லாப் படங்களையும் தேதி எழுதிப் பூட்டி வைக்கிறேன். சாவி என் இடுப்பில். குளம் வேண்டுமென்றால் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளட்டும்.